பெயரும் நடையும்

உலகத்துப் பொருள்களை ஒன்றினின்றும் ஒன்று பிரித்து அறிதற்குக் கருவியாய் நிற்பது பெயர். அப்பெயரை நம் இலக்கண நூலார் இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் இருவகைப்படுத்தினர். காரணம் புலப்படாது, முன்னோர் இட்டு வழங்கிய குறியாய் நிற்பது இடுகுறி. ‘மரம்’ என்பது போல. ஒரு காரணம் பற்றி வருவது காரணப் பெயர்; பறத்தலை உடையது ‘பறவை’ ஆயினமை போல. மாணவர்கள் இப்பாகுபாட்டைத் தேர்வுக்கு உரியதென்று மட்டும் கருதி விட்டுவிடுதல் கூடாது. பள்ளியில் ஒரு கையெழுத்து ஏடு தொடங்கும் மாணவனுக்கும், தன் எழுத்துகளைத் தொகுத்து ஒரு பெயரின்கீழ் வெளியிட விழையும் இளைஞனுக்கும் இது பெரிதும் பயன்படுவதாகும்.

ஊர்ப் பெயர்களை முதற்கண் நோக்குவோம். இராமநாதபுர மாவட்டத்தில் முதுகுளத்தூர் என்பது ஓர் ஊர். முதுமை, குளம், ஊர் என்னும் மூன்று சொற்கள் சேர்ந்து அமைந்தது இப்பெயர். முதுமை என்பதன் ஈறு கெட்டு ‘முது’ என நின்றது. குளம் என்பது அத்துச் சாரியை பெற்றுக் ‘குளத்து’ என நின்று, ஊர் என்பதனோடு புணர்ந்தது. பழைய குளத்தை உடைய ஊர் என்பது பொருள். பேராறு பாயாத அந்நிலத்தில், மழைநீரைத் தேக்கிவைக்கும் கண்மாய்களும் ஊருணிகளுமே மக்களுக்கு உயிர்நாடி. ஆதலின், தங்களை வாழ்விப்பது எதுவோ அதனையே ஊருக்குப் பெயராக்கினர் அந்நாட்டு மக்கள். அவ்வட்டாரத்தில் உள்ள காஞ்சிரங்குளம் என்னும் ஊரும் குளத்தினாற் பெயர் பெற்றதே. காஞ்சிரம் என்பது எட்டி மரம். பகட்டில்லாத இப்பெயர்கள் ஊரின் இயல்பை உள்ளவாறே உரைத்து நிற்கின்றன.

பெயர், தான் குறித்த பொருளினும் நெடுங்காலம் வாழ்தலும் உண்டு. அதே மாவட்டத்துத் தனுஷ்கோடி நகரம் 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய பெரும்புயலால் அழிந்தது. இரயில் நிலையமும் வீடுகளும் சிதைந்தன. எனினும், ‘வில்லின் முனை’ என்னும் பொருளையுடைய அப்பெயர் இன்றளவும் வழங்குகின்றது. பொருள் மறைந்தபின்னும் பெயர் நிலைக்குமாயின், பெயரிடுவோர் எத்துணை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை உய்த்துணர்க.

இனி, இதழ்களுக்குப் பெயரிட்ட வரலாற்றைக் காண்போம். பாலவனத்தம் குறுநிலத் தலைவராய் விளங்கிய பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அவர்தம் முயற்சிக்கு இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி உறுதுணையாய் நின்றார். அச்சங்கத்தின் சார்பில் 1902ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழ் தோன்றிற்று. சேதுபதி அவையில் புலவராய் வீற்றிருந்த ரா. இராகவையங்கார் அதன் முதல் ஆசிரியர். அவருக்குப் பின் மு. இராகவையங்கார் அப்பொறுப்பை ஏற்றார். அவ்விதழுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘செந்தமிழ்’ என்பது. செம்மையாகிய தமிழ் என்பது அதன் பொருள். பெயர் சிறிது, அது தாங்கிய பொறுப்போ பெரிது. அப்பெயரைச் சூடிய ஏட்டில் பிழைமலிந்த ஒரு கட்டுரை வெளிவருமாயின், பெயரே அதனைப் பழித்துக் காட்டும் அன்றோ? பழைய நூல்களையும் இலக்கண இலக்கிய ஆராய்ச்சிகளையும் வெளியிட்டு, அவ்விதழ் தன் பெயரைக் காரணப் பெயராகவே நிலைநாட்டிற்று.

பிற இதழ்கள் வேறு வழிகளிற் பெயர் பெற்றன. 1882ஆம் ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’, தன் நாட்டுக்கு நண்பன் எனத் தன் நோக்கத்தை வெளிப்படையாக அறிவித்தது. 1926ஆம் ஆண்டில் தோன்றிய ‘ஆனந்த விகடன்’, நகைச்சுவையால் மகிழ்விப்பதே தன் தொழில் என்று பெயரளவிலேயே கூறிற்று. 1933ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மணிக்கொடி’, பாரதியாரின் கொடிப் பாடலை நினைவூட்டி, நாட்டு விடுதலை வேட்கையைக் குறிப்பாற் புலப்படுத்தியது. 1959ஆம் ஆண்டில் சி. சு. செல்லப்பா தொடங்கிய ஏட்டுக்கு ‘எழுத்து’ என்பதே பெயர். அடைமொழி ஒன்றும் இன்றி, எழுத்தை ஆராய்வதற்கு எழுத்து என்றே பெயரிட்டார். வெளிப்படை, நகை, குறிப்பு, எளிமை என்னும் இந்நான்கு நெறிகளுள் எதனையும் நாம் மேற்கொள்ளலாம். ஆயின், நான்கிற்கும் பொதுவாகிய விதி ஒன்றுண்டு. பெயர் கூறுவதை ஏடு செய்தல் வேண்டும்.

மாணவன் ஒருவன் தன் கையெழுத்து ஏட்டுக்கு ‘இமயம்’ என்று பெயரிட்டான் எனக் கொள்வோம். அதன்கண் இரண்டு விடுகதையும் ஒரு துணுக்கும் மட்டுமே உள்ளன. படிப்போர் நகைப்பர், விடுகதைக்காக அன்று, பெயருக்காகவே நகைப்பர். அவ்வேட்டுக்கே ‘கேள்வி விடை’ என்று பெயரிட்டிருப்பின், அதே விடுகதைகளை அவர்கள் விரும்பிப் படிப்பர். இங்கே எழுத்து மாறவில்லை; பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பே மாறிற்று. மிகையான பெயர் எழுதுவோனைத் தன் எழுத்துக்கே கடனாளி ஆக்கிவிடும்.

செயல் மாறியபோது பெயரும் மாறியமைக்கு ஒரு சான்று காண்க. மறைமலையடிகள் 1902ஆம் ஆண்டில் ‘ஞானசாகரம்’ என்னும் இதழைத் தொடங்கினார். அந்நாளில் அவர் பெயர் வேதாசலம் என்பது. பின்னர், 1916ஆம் ஆண்டளவில் அவர் தனித்தமிழில் எழுதும் கொள்கையை மேற்கொண்டார். பிறசொற் கலவாது எழுதுக என்று கூறும் ஆசிரியரின் பெயரும் ஏட்டின் பெயரும் வடசொல்லாய் இருத்தல் பொருந்துமோ? வேதம் என்பதை மறை என்றும் அசலம் என்பதை மலை என்றும் மாற்றி, ‘மறைமலை’ எனத் தம் பெயரை அமைத்துக்கொண்டார். ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆயிற்று. இவ்விரு மாற்றங்களிலும் பொருள் மாறவில்லை; சொல்லே மாறிற்று. அக்கொள்கையை உடன்படுவோரும் உண்டு; மறுப்போரும் உண்டு. ஆயினும், பிறர்க்கு உரைத்ததைத் தம் பெயரிலேயே முதலிற் செய்துகாட்டிய நேர்மையை இருதிறத்தாரும் மதிப்பர்.

அவருக்கு முன்னரே சூரியநாராயண சாஸ்திரியார் (1870–1903) தம் பெயரைப் ‘பரிதிமாற்கலைஞர்’ என மொழிபெயர்த்துக்கொண்டார். சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். மால் என்பதன் லகரம் ககரத்தின் முன் றகரமாய்த் திரிந்தது. தம் ‘தனிப்பாசுரத் தொகை’யை இப்பெயரிலேயே அவர் வெளியிட்டார். புகழ்பெற்ற தம் இயற்பெயரை மறைத்து, நூலின் குணங்குற்றங்களை அறிஞர் வாயிலாக உள்ளவாறு அறிய அவர் விரும்பினார் என்பர். புனைபெயர் புனைவதற்கு இதனினும் தக்க காரணம் அரிது. பிறரை இழித்துரைத்துவிட்டு ஒளிந்துகொள்வதற்காகப் பெயர் புனைவோரும் உலகில் உளர். முன்னது தன்னையே தேர்வுக்கு உட்படுத்துவது. பின்னது தேர்வினின்றும் தப்பி ஓடுவது. எழுதியவற்றுக்கு என் இயற்பெயரோடு பொறுப்பேற்கத் துணிவேனா என்று தன்னைத்தானே வினவி, ஆம் என்று விடை கூறக்கூடியவனே புனைபெயர் பூணுதற்கு உரியவன். அத்தகைய புனைபெயர் காலப்போக்கில் இயற்பெயரினும் பெருமை எய்தும். ரா. கிருஷ்ணமூர்த்தி பூண்ட ‘கல்கி’ என்னும் புனைபெயர், 1941ஆம் ஆண்டில் அவர் பங்குகொண்டு தொடங்கிய இதழுக்கே பெயராயிற்று.

பெயரைப் பற்றி இவ்வளவும் கூறினோம். இனி நடையைப் பற்றிச் சிறிது கூறுவோம். பெயர் வாயில் என்றால், நடை அவ்வாயிலினுள் உள்ள இல்லம். வாயிலைக் கண்டு உள்ளே வந்தவர் அங்கேயே தங்குவதும் தங்காது நீங்குவதும் இல்லத்தின் இயல்பைப் பொறுத்தன. ‘செந்தமிழ்’ இதழின் நடை புலவர்க்கு உரியது. நீண்ட தொடர்களும் செறிந்த மேற்கோள்களும் உடையது. ஆராய்ச்சிக்கு அது பொருந்திற்று. அதே நடையில் ‘ஆனந்த விகடன்’ நகைச்சுவை எழுதியிருப்பின் ஒருவரும் நகைத்திரார். நடை இன்னதுதான் உயர்ந்தது என்று பொதுவாகக் கூறுதல் இயலாது. யார்க்கு எழுதுகின்றோம், எதனை எழுதுகின்றோம் என்னும் இரண்டுமே நடையை வரையறுக்கும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையரை (1855–1942) இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் அவர் எழுதிய முகவுரைகளும் குறிப்புகளும் புலவர் போற்றும் செறிவுடையன. அப்பெரியாரே தம் வாழ்க்கை வரலாற்றை 1940ஆம் ஆண்டு முதல் ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘என் சரித்திரம்’ என்னும் பெயரில் எழுதி வந்தார். அங்கே தொடர்கள் குறுகின. சொற்கள் எளிமை பெற்றன. வீட்டிலுள்ளோர் பலரும் படித்து மகிழத்தக்க நடை அமைந்தது. புலமை குறைந்ததனால் அன்று, படிப்போரை நினைந்ததனால் அந்நடை பிறந்தது. பெயரும் அவ்வாறே. ‘என் சரித்திரம்’ என்னும் இரு சொற்களில் ஆடம்பரம் ஏதும் இல்லை. நூலில் இருப்பது அதுவே.

ஆகவே, ஏடு தொடங்க விரும்பும் மாணவர் பின்வருவனவற்றைக் கருதுக. பெயர் வாய்விட்டுச் சொல்வதற்கு எளிதாயும், ஒருமுறை கேட்டவர் பிழையின்றி எழுதத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். பிறர் முன்னரே வழங்கும் பெயரைக் கவர்தல் கூடாது. அது அவர் தேடிய புகழைக் களவாடுவதோடு ஒக்கும். இன்றைய விருப்பம் ஒன்றையே பற்றிப் பெயரிடாது, பத்து ஆண்டு கழிந்தபின்னும் நாணாது சொல்லக்கூடிய பெயரைத் தெரிந்தெடுத்தல் நன்று. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. முதலில் மூன்று கட்டுரைகளை எழுதுக, அவற்றை ஒருங்கே வைத்துப் படித்து, இவற்றில் மீண்டும் மீண்டும் வருவது யாது என்று காண்க, அதனையே பெயராக்குக. பழைய குளத்தைக் கண்டபின் முதுகுளத்தூர் என்று பெயரிட்டவர் செய்ததும் இதுவே.

நடைக்கும் இத்தகைய சோதனை ஒன்று உண்டு. எழுதியதை வீட்டில் உள்ள ஒருவர்க்கு உரக்கப் படித்துக் காட்டுக. எவ்விடத்தில் அவர் மறுபடியும் சொல் என்கின்றாரோ, அவ்விடத்தைத் திருத்துக. உயர்ந்த சொல்லை விட்டுவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. பொருள் விளங்காமைக்கு உயர்ந்த சொல்லைக் காரணமாக்கல் ஆகாது என்பதே கருத்து.

இட்ட அன்று எந்தப் பெயரும் ஏறக்குறைய இடுகுறியே. ‘எழுத்து’ என்பதும் ‘கல்கி’ என்பதும் முதல் நாளில் வெறுஞ்சொற்களாகவே நின்றன. அவற்றுக்குக் காரணத்தைத் தேடித் தந்தது, ஆண்டுக்கணக்கில் அப்பெயர்களின்கீழ் நிகழ்ந்த உழைப்பாகும். பெயரைத் தேர்தல் ஒருநாட் செயல். அதனைக் காரணப் பெயராக்குதல் எழுதுவோனின் வாழ்நாட் கடமை.