ஆரோக்கியப் பச்சை

பொன்முடியிலிருந்து தெற்கே அகத்தியமலை வரை பரந்துள்ள காடுகளில், பெருமரங்களின் நிழலில், ஓடைக்கரை ஈரத்தை அண்டி ஒரு சிறு செடி வளர்கின்றது. இதன் உயரம் ஒரு சாணுக்குச் சற்று மேற்படும். இதய வடிவ இலைகளும், அவற்றின் அடியில் ஒதுங்கி நிற்கும் சிறு மலர்களும் உடையது. தாவர நூலார் இதனை டிரைகோபஸ் சைலானிக்கஸ் என்பர். இது வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைவள்ளி வேறு குடும்பம். இவ்வினம் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் உண்டு. எனினும் திருவாங்கூர் உள்ளினம் இம்மலைப்பகுதிக்கே உரியது.

காட்டில் வாழும் காணிக்காரர் இதன் காயை மென்று, களைப்பின்றி நெடுந்தொலைவு நடப்பர். 1987 டிசம்பரில் அவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு சென்ற ஆராய்ச்சிக் குழுவினர் இதனைக் கண்டனர். செடியை அடையாளம் காட்ட வழிகாட்டிகள் முதலில் இசையவில்லை. பின்னர் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம், இலையுடன் அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 இலட்ச ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டு உரிமைத்தொகைக்கும் உரிமம் வழங்கப்பட்டது. இதிற் பாதி காணிக்காரருக்கு என்று நிலையம் முடிவு செய்தது. அதன்பொருட்டு 1997-இல் அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. 1999-இல் 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சேர்ந்தது. பழங்குடியினரின் அறிவுக்கு ஈடு செலுத்திய முன்மாதிரியாக உலகெங்கும் இது பேசப்பட்டது.

ஆனால் மருந்து செய்ய இலை வேண்டுமே! அரிய தாவரங்கள் யாவும் ஒரே இயல்பின அல்ல. மகாராட்டிரத்தின் மலைச்சரிவுகளில் மட்டும் வளரும் ஃபிரேரியா இண்டிகா என்னும் சதைத்தாவரம் தண்டில் நீரைச் சேமிப்பது. துண்டு ஒன்றை நட்டால் தொட்டியிலும் தழைக்கும். ஆகவே காட்டில் அருகினும், தாவரப் பிரியர்களின் தோட்டங்களில் அது பிழைத்துக்கொள்கின்றது. ஆரோக்கியப் பச்சையோ நிழலும் ஈரமும் உள்ள காட்டுச் சூழலை விட்டு அகன்றால் மருந்துக் குணம் குன்றும் என்று ஆய்வாளர் கூறினர்.

ஆதலால் 1994 முதல் 1996 வரை 50 காணிக் குடும்பங்களைக் கொண்டு காட்டருகிலேயே சாகுபடி செய்ய ஒரு திட்டம் நடைபெற்றது. பயிரிட்ட இலை என்ற பெயரில் காப்புக்காட்டுச் செடியும் பறிபோகும் என்று வனத்துறை தடுத்தது. அச்சம் நியாயமானதே. எனினும் ஒரே செடியில் பலமுறை இலை கொய்யலாம். வேரோடு பிடுங்கினால்தான் இனம் அழியும். அக்கறையுடன் கொய்யத் தெரிந்தவர்களோ காணிக்காரரே. சாகுபடி நின்றபின் இலை வரத்து குன்றி, ஜீவனியின் உற்பத்தியும் தளர்ந்தது. குருத்து நுனியிலிருந்து திசு வளர்ப்பு முறையில் ஏராளமான கன்றுகளைப் பெறும் வழியைப் பாலோட்டு விஞ்ஞானிகள் 1995-லேயே கண்டிருந்தனர். அக்கன்றுகளுக்கும் மரநிழல் இன்றியமையாதது.