குறைமாதக் குழந்தையும் குடும்பமும்

பிள்ளை வரம் வேண்டித் தணிகை மலையின் 365 படிகளையும் ஏறிச் செல்வோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். வரம் கேட்க நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் கேட்ட வரம் நாள் குறைந்து, எடை குறைந்து, இரண்டு உள்ளங்கைகளில் அடங்கும் அளவில் வந்து சேர்ந்தால் அதை ஏந்திக் காக்கவும் நமக்குத் தெரிகிறதா? இக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை.

இதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் மருத்துவம் படிப்பவன் அல்லன். தறி ஓசையில் வளர்ந்து இக்கல்லூரிக்கு வந்தவன். ஆயினும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்காவின் குழந்தைக்காக ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் சோற்றுத் தூக்குடன் 30 நாட்கள் காத்திருந்தேன். அங்கே கண்டதையும், மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டதையும், பின்னர் நூல்களில் படித்ததையும் ஈண்டுத் தொகுத்துத் தருகிறேன்.

எது குறைமாதம்?

தாயின் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களைக் கணக்கிட்டுப் பேறுகால நாளைக் குறிக்கிறார்கள். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறப்பது குறைமாதக் குழந்தை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறப்பது எடை குறைந்த குழந்தை. இரண்டும் ஒன்றல்ல, நிறைமாதத்தில் பிறந்த குழந்தையும் எடை குறைந்திருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பத்தில் ஒன்று என்று கொள்ளலாம். அவற்றுள் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் நம் நாட்டில் பிறந்தவை.

தை மாதத்தில் பிறக்க வேண்டிய எங்கள் வீட்டுக் குழந்தை, கார்த்திகை முதல் வாரத்தில், 32 வாரத்திலேயே பிறந்துவிட்டது. எடை 1 கிலோ 400 கிராம். செய்தி கேட்ட எங்கள் ஆயா, "ஏழாம் மாசத்துப் புள்ள நிக்கும்; எட்டாம் மாசத்துப் புள்ள தங்காது. செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிங்கடா" என்றார். ஆயா கல்நெஞ்சக்காரர் அல்லர். அவர் கேட்டு வளர்ந்த நம்பிக்கை அது. நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே நம்பிக்கை காணப்படுகிறது. உண்மையோ இதற்கு நேர்மாறானது. கருவறையில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு வலிமை சேர்க்கிறது. ஏழாம் மாதத்துக் குழந்தையைவிட எட்டாம் மாதத்துக் குழந்தைக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு தவறான நம்பிக்கை, முயற்சி தொடங்குமுன்பே கைகளைக் கட்டிவிடுகிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

குழந்தைக்கு என்ன குறை?

குறைமாதக் குழந்தைக்கு முதற்பகை குளிர். தோலுக்கடியில் கொழுப்பு இல்லை. எடையை நோக்க உடலின் பரப்பு அதிகம். ஆகவே சூடு விரைவில் வெளியேறிவிடுகிறது. நம்மைப் போல் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்கு இயலாது.

இரண்டாவது பகை மூச்சுத் திணறல். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் வழுவழுப்பான பொருள் போதிய அளவில் ஊறியிருப்பதில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் 1963-ஆம் ஆண்டு குறைமாதத்தில் பிறந்து, இக்குறையால் இரண்டு நாட்கள்கூட நிறையாமல் இறந்தான். அவ்வளவு பெரிய நாட்டின் தலைவராலும் அன்று தம் குழந்தையைக் காக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1972-இல், நியூசிலாந்தைச் சேர்ந்த லிகின்ஸ், ஹோவி என்னும் மருத்துவர்கள், முன்கூட்டியே வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று நிறுவினர். லிகின்ஸ் இதன் குறிப்பை முதலில் கண்டது செம்மறியாட்டுக் குட்டிகளிடம்! விலை மலிவான அந்த ஊசி இன்று நம் அரசு மருத்துவமனைகளில் கிடைக்கிறது. நாள் வரவில்லை, பொய் வலியாக இருக்கும் என்று வீட்டிலேயே காலங்கடத்தாமல் 108 ஊர்தியை அழைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

சில குழந்தைகள் மூச்சுவிடவே மறந்துபோகும். அதற்கு மருத்துவர்கள் கொடுக்கும் மருந்து காஃபின். நாம் காலையில் அருந்தும் காப்பியில் உள்ள அதே பொருள்தான். இவை தவிர, உறிஞ்சி விழுங்கும் ஆற்றல் ஏறத்தாழ 34 வாரம் வரை கைகூடுவதில்லை. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு.

கோழிக் குஞ்சும் கண்ணாடிப் பெட்டியும்

நம் மக்கள் 'கண்ணாடிப் பெட்டி' என்று சொல்லும் இன்குபேட்டரின் வரலாறு சுவையானது. பாரிசு நகரின் மகப்பேற்று மருத்துவர் தார்னியே, அங்குள்ள விலங்குக் காட்சிச் சாலையில் கோழிக் குஞ்சு பொரிக்கும் கருவியைக் கண்டார். முட்டைக்கு உதவும் இளஞ்சூடு, மனிதக் குஞ்சுக்கு உதவாதா என்று எண்ணினார். 1880-ஆம் ஆண்டையொட்டி அவருடைய மருத்துவமனையில் அத்தகைய பெட்டிகள் பயனுக்கு வந்தன.

அவருடைய மாணவர் புதேன் மற்றொரு செய்தியைக் கவனித்தார். குழந்தையைப் பெட்டிக்குள்ளும் தாயை வெளியிலும் நெடுநாள் பிரித்துவைத்தால், சில தாய்மார்களுக்குக் குழந்தையின் மீதிருந்த பற்றே தளர்ந்துவிடுகிறது. ஆகவே தாயை அருகில் வைத்துக்கொண்டு, தாய்ப்பாலையே ஊட்டச் செய்ய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பெட்டியை உலகம் ஏற்றுக்கொண்டது. இந்த அறிவுரையை நெடுங்காலம் மறந்துவிட்டது.

தாயின் மார்பே தகுந்த இடம்

மறந்ததை நினைவூட்டியது ஓர் ஏழை மருத்துவமனை. தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் தலைநகர் பொகோட்டாவில், 1978-ஆம் ஆண்டு, போதிய இன்குபேட்டர்கள் இல்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்தியதால் நோய் தொற்றிக் குழந்தைகள் இறந்தன. மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, நிலை சீரான குழந்தைகளைத் தாயின் மார்போடு மார்பாகக் கட்டி வைக்கச் சொன்னார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பதை ஒத்திருந்ததால் இதற்குக் 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று பெயர் வந்தது.

முறை எளிது. தாய் சற்றுச் சாய்ந்து அமர வேண்டும். அரைத்துணி, குல்லாய், காலுறை மட்டும் அணிந்த குழந்தையை, இரு மார்பகங்களுக்கு நடுவே தோலோடு தோல் படும்படி நிமிர்த்திப் படுக்க வைக்க வேண்டும். தலை ஒரு பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். மூச்சுப் பாதை மடங்கக் கூடாது. கைகால்கள் தவளையைப் போல மடங்கியிருக்க வேண்டும். மேலே ஒரு துணியால் அணைத்துக் கட்டிவிடலாம். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை இயன்ற அளவு செய்யலாம். தாய்க்கு முடியாத நேரத்தில் தந்தையும் பாட்டியும் செய்யலாம்.

பெட்டி கிடைக்காத ஊருக்குத்தான் இது என்று எண்ணிவிட வேண்டாம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. 1 கிலோவுக்கும் 1 கிலோ 800 கிராமுக்கும் இடைப்பட்ட எடையுள்ள 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றன. நிலை சீராகும்வரை காத்திராமல், பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கிய பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவை 100-க்கு 12. வழக்கமான முறையில் ஏறத்தாழ 16. தீவிர சிகிச்சை வேண்டியவர்களுக்கு அதுவும் உடன் நடந்தது. 2022-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றி, பிறந்த உடனே தொடங்குக என்று அறிவித்தது.

நம் பாலாடை

உறிஞ்சத் தெரியாத குழந்தைக்கு முதலில் மெல்லிய குழாய் வழியாகவும், பின்னர்ப் பாலாடையாலும் பால் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் அடுக்களையில் வைத்திருந்த அதே மூக்குள்ள கிண்ணிதான். 'பாலாடை' என்னும் நம் தமிழ்ச் சொல் பெயர் மாறாமல் ஆங்கில மருத்துவ ஏடுகளில் ஏறியிருப்பது நமக்குப் பெருமை. புட்டிப்பாலைவிட இதையே மருத்துவர்கள் விரும்புகின்றனர். கழுவுவதும் கொதிநீரில் இடுவதும் எளிது. தாய்க்குப் பால் போதாதபோது உதவ எழும்பூர்க் குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியும் உண்டு. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது.

கதவுக்கு வெளியே குடும்பம்

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் நான்கு நாட்கள் அக்காவைக் குழந்தையின் அருகில் விடவில்லை. கிருமி தொற்றிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கண்ணாடிக்கு அப்பால் ஏதோ ஒரு பெட்டியில் தன் பிள்ளை இருக்கிறது என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பிறகு பால் குறையத் தொடங்கியது. தாழ்வாரத்துப் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "ஆயா சொன்னதுதான் நடக்கப் போகுது" என்றாள். மாமாவோ தறியை விட்டுவிட்டு வந்தவர். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று.

ஐந்தாம் நாள் முறை மாறி வந்த ஒரு மூத்த செவிலியர், "தாய் எங்கே? உள்ளே வரச் சொல்" என்றார். முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவக் கற்றுக்கொடுத்தார். பாலைப் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அன்று மாலையே குழந்தையை அக்காவின் மார்பில் வைத்துக் கட்டினார். இரண்டு நாட்களில் பால் மீண்டும் ஊறியது. அடுத்த கட்டிலில் நகரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் தெலுங்கிலும் அக்கா தமிழிலுமாக, இன்று எத்தனை கிராம் கூடியது என்பதே இருவருக்கும் பேச்சு. வாரம் ஒன்று கழித்து, மாமாவும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை மார்பில் ஏந்தினார். கனத்த கையுடைய அந்த மனிதர் ஒரு மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்ததை நான் மறக்க முடியாது.

தாய் உள்ளே வந்தால் தொற்று கூடுமா? டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனை மருத்துவர்கள் இதை ஆராய்ந்தனர். கை கழுவவும் பராமரிக்கவும் பயிற்சி பெற்ற குடும்பத்தார் உள்ளே வந்ததால் தொற்று கூடவில்லை. தாய்ப்பால் மட்டுமே அருந்தி வீடு திரும்பிய குழந்தைகளின் எண்ணிக்கைதான் கூடியது. இவ்வனுபவத்தைக் கொண்டு 2017-ஆம் ஆண்டு மத்திய சுகாதார அமைச்சகம், குடும்பத்தாரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளும் வழிகாட்டு நெறிகளை நாடு முழுவதற்கும் வெளியிட்டது. நெறி வந்துவிட்டது, ஒவ்வொரு கதவும் திறக்க வேண்டும்.

செலவைக் கருதி அஞ்சுவோர் ஒன்றை அறிய வேண்டும். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, ஊர்திச் செலவு யாவும் இலவசம். முதலில் 30 நாட்களுக்கு என்றிருந்தது, பின்னர் ஓராண்டு வரை நீட்டிக்கப்பட்டது.

வீடு திரும்பிய பின்

முப்பதாம் நாள் 1 கிலோ 750 கிராம் எடையுடன் குழந்தை வீட்டுக்கு வந்தது. வீட்டிலும் கங்காரு முறையைத் தொடர்ந்தோம். சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றைத் தவிர்க்கச் செவிலியர் சொல்லியிருந்தார். ஆயாவுடன் இதற்காக ஒரு சிறு போர் நடந்தது. முடிவில் ஆயாவையே கை கழுவச் செய்து, குழந்தையை மார்பில் கட்டிவிட்டோம். அதன் பிறகு கை கழுவாமல் தொட வந்தவர்களை விரட்டியது ஆயாதான்!

பால் குடிக்க மறுத்தல், வயிறும் பாதமும் சில்லிடுதல், நிமிடத்திற்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குதல், உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாதல், வலிப்பு, துவண்டு கிடத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை நோயால் பார்வை பறிபோகும் ஆபத்து உண்டு; பிறந்த 30 நாட்களுக்குள் கண் பரிசோதனை செய்தால் காக்கலாம். செவித்திறனையும் சோதிக்க வேண்டும். தடுப்பூசியைப் பிறந்த நாள் கணக்கில் போட வேண்டும். தவழ்வதையும் நடப்பதையும் மட்டும், பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பின் வலிமையை உலகுக்குக் காட்டியவர்கள் மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் பணிபுரிந்த மருத்துவத் தம்பதியர் அபய் பங், ராணி பங் ஆவர். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கச் செய்ததில், அங்கே பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999-இல் அவர்கள் வெளியிட்டனர். நம் ஊர்களில் கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசலுக்கு வருகிறார். அவரை வரவேற்று அமரச் செய்து கேட்பது நம் கடமை.

நாம் செய்யத்தக்கது

2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறப்பவை இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. நாம் முன்னே நிற்கிறோம் என்று மகிழலாம். அந்த 9 குழந்தைகளின் வீடுகளை எண்ணினால் மகிழ்ச்சி குறையும்.

நண்பர்களே, நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்காக நாம் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். அங்கே சாலை போடுவதோடு, எட்டாம் மாதக் குழந்தையும் பிழைக்கும் என்ற ஒரு செய்தியையும் விட்டு வருவோம். மருந்தும் கருவியும் மருத்துவமனை தரும். சூடும் பாலும் காவலும் குடும்பம் தர வேண்டும்.

சென்ற ஆடிக் கிருத்திகைக்கு என் அக்காவின் மகள் மாமாவின் தோளில் அமர்ந்து மலையேறினாள். பாதிப் படியில் இறக்கிவிடச் சொல்லி அடம்பிடித்து, மீதிப் படிகளில் சிலவற்றை ஆயாவின் விரலைப் பற்றிக்கொண்டு தானே ஏறினாள். மூச்சு வாங்கியது ஆயாவுக்குத்தான்.