முதியோர் இல்ல பில்: செலவு தெரிகிறது, கவனிப்பு தெரிகிறதா?

பெங்களூரு பிரேசர் டவுனில், கோல்ஸ் பார்க் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் உங்கள் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் பில் வந்துவிடும். அறை வாடகை, சாப்பாடு, நர்ஸ், டயப்பர், மருந்து என எல்லாம் அதில் இருக்கும். ஆனா, போன மாசம் அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்களா, அதுக்கப்புறம் என்ன செஞ்சாங்க? அதை பில் சொல்லாது.

அமெரிக்காவில் இதற்கென்றே குறியீடுகள் உண்டு. பெங்களூரிலும் சென்னையிலும் அமெரிக்க பில்களுக்கு மெடிக்கல் கோடிங் செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதி.

அது என்ன குறியீடு?

அங்கே நர்சிங் ஹோமில் இருக்கும் முதியவரை டாக்டர் வந்து பார்த்தால், 99304 முதல் 99310 வரையிலான எண்களில் ஒன்று பில்லில் ஏறும். பணம் அதற்குத்தான். கூடவே ‘எஃப்’ என்று முடியும் குறியீடுகளும் வரலாம்:

• 1100எஃப்: கடந்த ஓராண்டில் 2 முறையோ அதற்கு மேலோ விழுந்திருக்கிறார், அல்லது ஒரே முறை விழுந்தாலும் அடிபட்டிருக்கிறது.
• 3288எஃப்: விழும் அபாயத்தை மதிப்பிட்டு எழுதியாயிற்று.
• 0518எஃப்: இனி விழாமல் இருக்க என்ன செய்வது என்ற திட்டம் பதிவாகியிருக்கிறது.

இவற்றுக்குத் தனியாகக் காசு கிடையாது.

காசில்லை என்றால் யார் எழுதுவார்கள்?

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 2017 முதல் ‘மிப்ஸ்’ திட்டத்தில் டாக்டர்களுக்கு மதிப்பெண் போடுகிறது. சிறிய மருத்துவக் குழுக்கள் இதுபோன்ற குறியீடுகளை பில்லோடு சேர்த்தே அனுப்பலாம். மதிப்பெண் மோசமானால், பின்னால் வரவேண்டிய தொகையில் 9 சதவீதம் வரை வெட்டு விழும். செய்யவில்லை, காரணமும் சொல்லவில்லை என்றால் அதற்கும் ஓர் ஒட்டு உண்டு: ‘8பி’.

ஓட்டை இல்லையா? இருக்கு. திட்டம் எழுதப்பட்டது என்றுதான் குறியீடு சொல்லும். பாத்ரூமில் கைப்பிடி மாட்டினார்களா என்று சொல்லாது.

நம்ம ஊரில்?

காப்பீட்டு க்ளெய்ம் படிவத்தில் ஐசிடி-10 குறியீடு கேட்பார்கள். அது நோயின் பெயரைச் சொல்லும், கவனிப்பின் தரத்தை அல்ல. 70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 அக்டோபர் 29-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. முதியோர் இல்லத்தின் மாதக் கட்டணம் அதில் வராது. பணம் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்துதான் போகிறது. அதனால் கணக்குக் கேட்கும் மெடிகேரின் இடத்தில் இங்கே நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அடுத்த முறை பணம் கட்டும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மாதம் விழுந்தாரா? விழும் அபாயத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அதன்பிறகு எதை மாற்றினீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பில்லோடு சேர்த்து அதையும் பத்திரமாக வையுங்கள்.