கடவுச்சொல் சரி, கோளாறு எங்கே?

மன்னார் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் நிற்கும் தம்பபவனி போன்ற நிலையங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்தே கண்காணிப்பது இன்று உலக வழக்கம். தொலைக் கணினிக்குள் நுழையப் பரவலாகப் பயன்படுவது, 1995இல் பின்லாந்தில் தத்து இலோனன் உருவாக்கிய எஸ்எஸ்எச். இணைப்பு அறுந்தால் உடனே இணையத்தைக் குறை சொல்கிறோம். கடவுச்சொல் ஏற்கப்பட்ட உடனேயே ஒவ்வொரு முறையும் அறுந்தால் அந்தப் பழி பெரும்பாலும் பொருந்தாது. கடவுச்சொல் போய்ச் சேர்ந்ததே அதுவரை வலையமைப்பு இயங்கியது என்பதற்குச் சான்று. அப்போது முதலில் பார்க்க வேண்டியவை, கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல்லின் தொடக்கக் கோப்புகள்; அவற்றில் பிழை இருந்தால் அமர்வு முடிந்துவிடலாம். பாஷ் ஷெல், உள்நுழையும்போது 'ப்ரொஃபைல்' வகைக் கோப்பைப் படிக்கும். ஏற்கனவே நுழைந்தவர் புதிய முனையத்தைத் திறந்தால் 'பாஷ்ஆர்சி'யைப் படிக்கும். ஒன்றில் எழுதிய அமைப்பு மற்றதில் தென்படாமல் போவது இதனால்தான்.

எல்லாவற்றையும் பாஷ்ஆர்சியிலேயே எழுதினால் என்ன என்று கேட்கலாம். எஸ்எஸ்எச் வழியே கோப்பை மட்டும் அனுப்பும்போதும் பாஷ், பாஷ்ஆர்சியைப் படிக்கக்கூடும். அதில் 'வணக்கம்' என்று அச்சிடும் ஒரு வரி இருந்தால் அந்த எழுத்துகள் தரவோடு கலந்து பரிமாற்றமே முறியும். ஆகவே மனிதர் தட்டச்சு செய்யும் அமர்வில் மட்டும் அச்சிடும்படி நிபந்தனை இடுவதே முறை. பிழையான வரியைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு கட்டளையையும் காட்டும் 'எக்ஸ்' தெரிவோடு பாஷை இயக்குங்கள். கோப்பைத் திருத்தியதும் பழைய அமர்வை மூடாதீர்கள். இரண்டாவது அமர்வில் நுழைந்து பார்த்த பின்னரே மூடுங்கள்.