வெறுங்காலில் தொடங்கிய ஓட்டம்

தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாநிலத்தில், 2021 வரை கிங் வில்லியம்ஸ் டவுன் எனப்பட்ட நகருக்கு அருகே உள்ள சிற்றூர் ம்டிங்கி. அங்கே 1977 ஜூலை 6 அன்று பிறந்த மகாயா நிடினி, சிறுவயதில் வெறுங்காலுடன் மாடு மேய்த்தவர். அப்பகுதிக் கிரிக்கெட் வாரியத்தின் வளர்ச்சி அலுவலர் ஒருவர் அவருடைய பந்துவீச்சைக் கண்டு வியந்து, ஒரு சோடி காலணியை இரவல் தந்து வலைப்பயிற்சிக்கு அழைத்துச் சென்றார். பின்னர், புகழ்பெற்ற டேல் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்து பயிலவும் வழி பிறந்தது.

நிறவெறிக் கொள்கையின் காரணமாகத் தென்னாப்பிரிக்கா இருபது ஆண்டுகளுக்கு மேல் சர்வதேசக் கிரிக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்ததை நாம் அறிவோம். 1991இல் அந்நாடு களத்திற்குத் திரும்பிய பின்னரும், கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் தேசிய அணியில் இடம்பெற 1998 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு இடம்பெற்ற முதல் வீரர் நிடினியே.

அதன்பின் அவர் நிகழ்த்தியவை பல. 2003இல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரே டெஸ்டில் பத்து விக்கெட் வீழ்த்திய முதல் தென்னாப்பிரிக்கர் ஆனார். 2005இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 132 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 101 டெஸ்டுகளில் 390 விக்கெட்டுகளும், 173 ஒருநாள் ஆட்டங்களில் 266 விக்கெட்டுகளும் அவர் கணக்கில் உள்ளன. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சீருடையிலும் நம்மில் பலர் அவரைக் கண்டு மகிழ்ந்திருக்கிறோம்.

ஆட்ட நாள்களில் நிடினி தமது பையை அணிப் பேருந்தின் ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, விடுதியிலிருந்து மைதானம் வரை ஓடியே செல்வார். மாலையில் ஓடியே திரும்புவார். உடலுறுதிக்கான பயிற்சி என்றே பலரும் அதைப் பாராட்டினர். உண்மைக் காரணத்தை 2020இல்தான் அவர் வெளிப்படுத்தினார். பேருந்தில் அவர் பின்னே சென்று அமர்ந்தால், மற்றவர்கள் முன்னே சென்று அமர்ந்துவிடுவார்களாம். இரவு உணவுக்கு அழைக்க எவரும் அவர் அறைக்கதவைத் தட்டியதில்லையாம். அந்தத் தனிமையிலிருந்து தப்பவே அவர் ஓடியிருக்கிறார்.

ஒரே சீருடை அணிந்து, ஒரே கீதம் பாடி, வெற்றிகளை ஒன்றாகக் கொண்டாடிய அணியில் நேர்ந்தது இது. சட்டம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறவில்லை என்பதை இதனால் உணர்கிறோம். நிடினிக்குக் காலணி தந்து அழைத்துச் செல்ல அன்று ஒருவர் இருந்தார். அணிக்குள் வந்தபின் உடன் அமர்ந்து உண்ண அழைப்பார் இல்லை. நம் அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் புதிதாக வந்து சேர்பவர்கள் எத்தனையோ பேர். நண்பகல் உணவு வேளையில் அவர்கள் எங்கே அமர்கிறார்கள் என்பதை நாம் சற்றுக் கவனிக்கலாம்.