எழுபது மாதக் கணக்கு

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது குத்தம்பாக்கம். வடகிழக்கே ஆவடியும் அம்பத்தூரும், மேற்கே ஸ்ரீபெரும்புதூர். இப்படி நடுவில் அமைந்த ஊரில், ஒரே தெருவில் மூன்று விதமான பென்ஷன்காரர்கள் இருக்க முடியும். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவருக்கு மத்திய அரசுப் பென்ஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவருக்கு பி.எஃப். பென்ஷன். ஆயுள் முழுக்கக் கூலிக்கு நாற்று நட்ட அம்மாவுக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. மூவரும் வாங்கும் அரிசி ஒரே விலை.

மூன்றில் லேத் ஓட்டியவரின் பென்ஷன்தான் என்னை அதிகம் வியக்க வைக்கிறது. 1995 நவம்பர் 16-ஆம் தேதி தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம் அது. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 விழுக்காடு இதற்குப் போகிறது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது, ஒரு வருடம் உழைத்தால் ஒரு மாதச் சம்பளம் ஓய்வூதிய நிதியில் சேர்ந்திருக்கும்.

கொடுக்கும்போது வேறொரு சூத்திரம். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன். இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு வருட உழைப்புக்குக் கட்டியது ஒரு மாதச் சம்பளம். அந்த வருடத்துக்காகத் திரும்பி வருவது மாதாமாதம் சம்பளத்தில் எழுபதில் ஒரு பங்கு. சம்பளம் மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், 70 மாதங்களில் கட்டியது முழுவதும் கைக்கு வந்துவிடும். 58 வயதில் பென்ஷன் தொடங்கினால் 63 வயது 10 மாதத்தில் கணக்கு நேராகிறது. சம்பளம் ஐயாயிரமோ பத்தாயிரமோ, பத்து வருடமோ பதினைந்து வருடமோ, விடை அதே 70 மாதம்தான்.

ஆனால் இந்தியாவில் 60 வயதைத் தொட்டவர் சராசரியாக இன்னும் 18 வருடம் வாழ்கிறார். மீதிக் காலத்துக்குப் பணம்? பல பத்தாண்டுகள் நிதியில் கிடந்த தொகையின் வட்டி பெரும்பகுதியைத் தாங்குகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 விழுக்காடு போடுகிறது. சீக்கிரம் இறந்தவர்களின் பணம், அவர்கள் குடும்பத்துக்குப் போக மிஞ்சியது, நீண்ட நாள் வாழ்பவரைத் தாங்குகிறது. யார் எவ்வளவு காலம் இருப்பார் என்பது எவருக்கும் தெரியாது. லட்சக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி தெரிந்துவிடும். ஒருவர் தனியாகச் சேமித்துச் சாதிக்க முடியாத காரியம் இது.

சம்பளம் வளர்ந்தவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. இளவயதில் சிறு சம்பளத்துக்குக் கட்டியிருப்பார். பென்ஷனோ கடைசிச் சம்பளத்தை வைத்து வரும். இந்த லாபத்துக்குத்தான் பூட்டு விழுந்திருக்கிறது. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் பொதுவாக ஓர் உச்சவரம்பு வரைதான் கணக்கில் எடுப்பார்கள். 2001-இல் 6,500 ரூபாயான அந்த வரம்பு, 2014 செப்டம்பரில் 15,000 ஆனது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அசையவில்லை. வரம்பு அசையாவிட்டால் சம்பளம் வளராததற்குச் சமம். சூத்திரத்தின் தாராளம் அங்கேயே வற்றிப்போகிறது. 15,000 வரம்பில் 35 வருடப் பணி கணக்கில் வந்தால் சூத்திரம் தருவது 7,500 ரூபாய்.

அதைவிடக் கொடுமை, தொடங்கிய தொகை ஆயுளுக்கும் அப்படியே நிற்பது. ஆவடிக்காரருக்கு விலைவாசிக்கு ஏற்ப வருடத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி கூடும். ஊதியக் குழு வந்தால் அடிப்படைத் தொகையே உயரும். அம்பத்தூர்க்காரருக்கு எதுவும் இல்லை. குறைந்தபட்ச பி.எஃப். பென்ஷன் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு, அங்கேயே நிற்கிறது. விலைவாசிக் குறியீட்டை வைத்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு அன்றைய 600 ரூபாய்க்குச் சற்று மேல். முதியோர் உதவித்தொகையில் 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2007-இல் 200 ரூபாய், இன்றும் 200. மீதியைப் போடுவது மாநில அரசு. தமிழ்நாடு இந்த உதவியை 1962-இல், மாதம் 20 ரூபாயில், தொடங்கிய மாநிலம் என்பதை இங்கே மரியாதையோடு சொல்ல வேண்டும்.

ஏற்றித் தர முடியுமா என்று கேட்டால், நிதி தாங்காது என்பார்கள். அந்தக் கவலை பொய்யில்லை. 2050-இல் முதியவர் உண்ணப்போகும் அரிசி, 2050-இல் யாரோ விளைவிக்க வேண்டிய அரிசி. பணத்தை நிதியில் வைத்தாலும் வரியாக வசூலித்தாலும், அன்றைய உழைப்பாளிகளின் விளைச்சலில்தான் முதியவரின் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்றும், 2031-இல் அது 18.2 ஆகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது. உழைப்பவர் பங்கு சுருங்கச் சுருங்க இந்தப் பங்கீடு கடினமாகும்.

இருந்தும், நம் ஊரில் பென்ஷன் சீர்திருத்தம் என்றால் பேச்செல்லாம் அரசு ஊழியரைப் பற்றியே நடக்கிறது. 2003 ஏப்ரலில் தமிழ்நாடும் 2004 ஜனவரியில் மத்திய அரசும் புதிதாகச் சேருவோருக்குப் பழைய ஓய்வூதியத்தை நிறுத்தின. நீண்ட போராட்டத்துக்குப் பின், 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசு 25 வருடப் பணிக்குப் பாதிச் சம்பளத்தை உறுதி செய்யும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. விலைவாசிப் படியும் அதில் உண்டு. அவர்கள் கேட்டது நியாயம். அதே விலைவாசிப் படியை, பாதியளவுக்காவது, லேத் ஓட்டியவருக்கும் நாற்று நட்டவருக்கும் கேட்கும் குரல் பலமாக எழாததுதான் எனக்கு வலிக்கிறது. பங்கீடு கடினமாகும்போது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் 1,000 ரூபாய்க்காரர்களாக இருக்கக் கூடாது.

சட்டம் மாறும்வரை இளைஞர் கையில் ஒன்று இருக்கிறது. பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தது பத்து வருடப் பணி வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் காண்ட்ராக்டில் நான்கு வருடம், அம்பத்தூரில் மூன்று, திருமழிசையில் நான்கு என்று மாறுகிறவர்கள், ஒவ்வொரு முறை வேலையை விட்ட பிறகு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். அந்த மாதக் கடன் அப்படி. குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் எடுத்தால் அந்தப் பணிக்காலம் பென்ஷன் கணக்கிலிருந்து போய்விடும். யு.ஏ.என். என்ற ஒரே பி.எஃப். எண்ணின் கீழ் கணக்கை மாற்றிக்கொண்டே போனால் அதே உழைப்பு 11 வருடம் ஆகிறது. 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாதப் பென்ஷன், தனக்குப் பிறகு துணைக்குக் குடும்பப் பென்ஷன்.