வீட்டு வைஃபை பெட்டி: இணைப்பு வந்த அன்றே செய்ய வேண்டியவை

நம் மஹல்லாவில் பல வீடுகளுக்கு ஃபைபர் இணைய இணைப்பு வந்துவிட்டது. பிள்ளைகளின் பாடம், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அத்தாவோடு வீடியோ பேச்சு, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் சுவரில் மாட்டிய அந்தச் சிறிய பெட்டி வழியாகத்தான் நடக்கின்றன. இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் கேபிளை இழுத்து, பெட்டியை மாட்டி, போனில் ஒரு வீடியோ ஓடுவதைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நாமும் "நெட் வந்துவிட்டது" என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் அந்தப் பெட்டியைப் பூட்டி வைக்கும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அது வீட்டுக்காரர்களின் வேலை. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஏன் இவ்வளவு அக்கறை?

இணையத்தில் எதைச் செய்தாலும் ஐபி முகவரி என்ற எண் பதிவாகும். ஒரு வைஃபையைப் பயன்படுத்தி யாராவது பண மோசடி செய்தாலோ மிரட்டல் செய்தி அனுப்பினாலோ, காவல்துறை அந்த எண்ணை வைத்து இணைய நிறுவனத்திடம் விவரம் கேட்கும். யாருடைய ஆதாரைக் கொடுத்து இணைப்பு வாங்கினோமோ அவருடைய பெயரும் முகவரியும்தான் அங்கே இருக்கும். செய்தவர் தெருமுனையில் நின்ற அந்நியராக இருந்தாலும், முதல் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். பல குடும்பங்களில் இணைப்பு வீட்டிலிருக்கும் தாயின் பெயரிலோ வயதான பெரியவர் பெயரிலோ இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஒரே பெட்டி இரண்டு வேலை செய்கிறது. ஃபைபரில் ஒளியாக வரும் தகவலை மின் சமிக்ஞையாக மாற்றுவது மோடம் வேலை. அதை வீட்டிலுள்ள போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது ரூட்டர் வேலை. ஃபைபர் இணைப்பில் இந்தப் பெட்டியை ஓஎன்டி என்பார்கள்.

முன்பக்க விளக்குகளை அறிந்து வைத்தால் பாதி அலைச்சல் மிச்சம். பிஓஎன் என்ற விளக்கு நிலையாக எரிந்தால் ஃபைபர் சரியாக இருக்கிறது. எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால், கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. நிறுவனத்துக்குத்தான் போன் செய்ய வேண்டும். ஃபைபர் கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். கழன்ற முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு.

பெட்டியை வீட்டின் நடுப்பகுதியில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் டிவிக்குப் பின்னாலும் வைத்தால் சிக்னல் குறையும். இரண்டு வைஃபை பெயர்கள் தெரிந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, அடுத்த அறை வரை எட்டும்.

அமைப்புப் பக்கத்தைத் திறப்பது

பெட்டியின் அடியிலோ பின்னாலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 போன்ற ஒரு முகவரியும், யூசர் நேமும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருக்கும். போனை உங்கள் வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, பிரவுசரின் முகவரிப் பட்டியில் அந்த எண்ணைத் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே செய்ய வேண்டியவை ஐந்து.

1. அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல. பெட்டியின் அமைப்பையே மாற்றும் சாவி. பல பெட்டிகளில் இது எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல்லாகவே வருகிறது. 2016-ல் மிராய் என்ற தீய மென்பொருள், இப்படி மாற்றப்படாத சுமார் 60 பாஸ்வேர்டுகளின் பட்டியலை வைத்துக்கொண்டே உலகெங்கும் ரூட்டர்களிலும் கேமராக்களிலும் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குச் சில மணி நேரம் திறக்காமல் போனதற்கு அப்படிப் பிடிக்கப்பட்ட பெட்டிகளே காரணம். அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அது தெரியக்கூட இல்லை.

2. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பெயரில் வீட்டு எண்ணோ குடும்பப் பெயரோ வேண்டாம். பாஸ்வேர்ட் குறைந்தது 12 எழுத்துகள் இருக்கட்டும். போன் நம்பர், பிறந்த தேதி, பிள்ளையின் பெயர் வேண்டாம். பாதுகாப்பு முறை என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்க வேண்டும்.

3. தேவையில்லாத கதவுகளை மூடுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற வசதியை அணையுங்கள். வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திறந்திருந்தால், நிறுவனத்திடம் கேட்டுவிட்டு மூடுங்கள். புதிய மென்பொருள் அப்டேட் வந்திருந்தால் ஏற்றுங்கள்.

4. விருந்தினர் வைஃபையைத் தனியாக வையுங்கள். 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால், வருபவர்களுக்கு அந்தப் பாஸ்வேர்டை மட்டும் கொடுக்கலாம். அவர்கள் போன் உங்கள் கம்ப்யூட்டரையோ கேமராவையோ தொட முடியாது.

5. பிள்ளைகளுக்காக ஒரு வடிகட்டி. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ். டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.3 என்றும் இரண்டாவதாக 1.0.0.3 என்றும் கொடுத்தால், ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் அது பெரும்பாலும் தடுக்கும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இதை இலவசமாகத் தருகிறது. சில பெட்டிகளில் நிறுவனம் இந்த இடத்தைப் பூட்டி வைத்திருக்கும், ஊழியரிடம் கேளுங்கள். ஆனால் பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்த வடிகட்டி வேலை செய்யாது. போன் கூடத்தில் இருப்பதும், பெற்றோர் பக்கத்தில் இருப்பதும் தரும் பாதுகாப்பை எந்தப் பெட்டியும் தராது.

ரீசெட் துளையைத் தொடாதீர்கள்

பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். பல இணைப்புகளில், நிறுவனம் கொடுத்த இணைப்பு யூசர் நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விடும். ஊழியர் திரும்ப வரும்வரை நெட் இருக்காது. அந்த விவரங்களை முதல் நாளே கேட்டு, புதிய பாஸ்வேர்டுகளோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பக்கத்து வீட்டார் கேட்டால்?

இது பலருக்கும் சங்கடமான கேள்வி. பரீட்சை நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உதவுவது நல்ல காரியம். விருந்தினர் வைஃபையில் கொடுங்கள், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாதக் கணக்கில் கொடுத்து வைப்பதும், காசைப் பங்கு போட்டுக்கொள்வதும் வேறு. ஒருவரிடம் கொடுத்த பாஸ்வேர்ட் பத்துப் பேரிடம் போகும். பொறுப்பு மட்டும் உங்கள் பெயரிலேயே நிற்கும். இதை முகம் சுளிக்காமல் எடுத்துச் சொன்னால் நல்ல அண்டை வீட்டார் புரிந்துகொள்வார்கள்.

வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும் இதே கவனம் தேவை. அடுத்து வருபவருக்கு உங்கள் பெயரிலுள்ள இணைப்பை அப்படியே விட்டுப் போகாதீர்கள். ரத்து செய்து, எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் அன்று மட்டும் அந்த ரீசெட் துளையை அழுத்தி, உங்கள் விவரங்களை அழித்துவிடுங்கள்.

"இணைய நிறுவனத்திலிருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வைத்துவிட்டு, பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு உண்டு.

விஷயம் தெரிந்த இளைஞர்கள் தங்கள் வீட்டோடு நிறுத்திவிடாமல், தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டுக்கும், கணவர் வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் வீட்டுக்கும் குடும்பத்தாரோடு போய் இதைச் செய்து கொடுக்கலாம். ஆனால் புதிய பாஸ்வேர்டை அந்த வீட்டுக்காரரே தட்டட்டும். நோட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும்.